கருப்பு முள்வால் இகுவானா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் ஒரே ஓர் இனத்தைப் பற்றியது. அறிவியல் பெயர் டெனோசாரா சிமிலிஸ். மத்திய அமெரிக்காவின் கற்சுவர், பாறையிடுக்கு, பட்டமரப் பொந்து, வீட்டுக் கூரை என்று வெயிலும் ஒளிய ஓர் ஓட்டையும் சேர்ந்து கிடைக்கும் எந்த இடத்திலும் இதைப் பார்க்கலாம். இதன் உடம்பு, வேகம், குணம், இனப்பெருக்கம் எல்லாமே வளையைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன. அதனால் கீழே எந்தக் கேள்வியை எடுத்தாலும் பேச்சு வளைக்குத் திரும்பும்.

இது உடும்பா, ஓணானா?

இரண்டும் இல்லை. உடும்பு வேறு குடும்பம், அது இறைச்சி தின்னி, அதன் நாக்கு பாம்பின் நாக்குபோலப் பிளந்தது. நம் ஓணான் அகாமிடே குடும்பம். இகுவானாக்களுக்குத் தனிக் குடும்பம் உண்டு. அமெரிக்கக் கண்டங்கள், கரீபியன் தீவுகள், கலாபகஸ், ஃபிஜி, தொங்கா ஆகிய இடங்களில்தான் அவை இயற்கையாக வாழ்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையான இகுவானா எதுவும் கிடையாது.

ராஜஸ்தான், குஜராத் வறள்நிலங்களில் வாழும் முள்வால் பல்லியோடு பலர் இதைக் குழப்புகிறார்கள். தெருவோரத்தில் 'சாண்டா தைலம்' என்ற பெயரில் விற்கும் கொழுப்புக்காகக் கொல்லப்படுகிறதே, அந்தப் பாவப்பட்ட உயிர்தான். அது ஓணான் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அதுவும் இலை தின்னும், மண்ணில் வளை வைத்து வாழும், அதன் வாலும் முள்வளையங்களாலானது. நெருங்கிய உறவில்லாத இரண்டு விலங்குகள், ஒரே மாதிரி பிழைப்பினால் ஒரே மாதிரி வால் பெற்றிருக்கின்றன.

எவ்வளவு பெரியது? எங்கெல்லாம் உண்டு?

வளர்ந்த ஆண் வாலையும் சேர்த்து 1.3 மீட்டர் வரை போகும், அரிதாக அதற்கு மேலும். பெண் பொதுவாக 80 செ.மீ. முதல் 1 மீட்டர். நீளத்தில் பாதிக்கு மேல் வால்தான். 1831இல் கிரே என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதை விவரித்துப் பெயரிட்டார். பேரினப் பெயருக்குக் கிரேக்கத்தில் 'சீப்புப் பல்லி' என்று பொருள்: ஆணின் முதுகில் நிமிர்ந்து நிற்கும் முள்வரிசைதான் அந்தச் சீப்பு.

மெக்சிகோவின் தெவாந்தெபெக் பூசந்தியிலிருந்து பனாமா வரை, இரு கடற்கரைப் பக்கங்களிலும் தாழ்நிலங்களில் வாழ்கிறது. கொலம்பியாவுக்குச் சொந்தமான சான் அந்திரேஸ், புரோவிதென்சியா தீவுகளிலும் உண்டு. ஸ்பானிஷ் பேசுபவர்கள் 'கர்ரோபோ' என்பார்கள். பெலீஸ் நாட்டில் 'விஷ்-வில்லி'.

பச்சை இகுவானாவிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

நிறத்தைப் பார்க்காதீர்கள், வாலைப் பாருங்கள். இதன் வால் ஏறக்குறைய உருண்டை. அதைச் சுற்றி மோதிரம் மோதிரமாக முள்செதில் வளையங்கள். இரண்டு முள்வளையங்களுக்கு நடுவே தட்டையான சிறு செதில்கள் இரண்டு வரிசை இருக்கும். பச்சை இகுவானாவின் வாலில் இந்த வளையங்கள் கிடையாது, அது பக்கவாட்டில் தட்டையானது.

அடுத்து கன்னம். பச்சை இகுவானாவுக்குச் செவிப்பறைக்குக் கீழே பொட்டு வைத்ததுபோல ஒரு பெரிய வட்டச் செதில் தெரியும். முள்வாலுக்கு அது இல்லை. தொண்டைத் தொங்குதோலும் பச்சை இகுவானாவுக்குப் பெரிது, இதற்குச் சிறிது. வளர்ந்த முள்வாலின் முதுகில் கறுத்த குறுக்குப் பட்டைகள் இருக்கும். வயதான ஆண்களில் உடல் முழுக்கக் கருமை படர்ந்து பட்டைகள் மங்கிவிடுவதும் உண்டு.

குட்டி பச்சையாக இருக்கிறதே, அதுவும் இதே இனமா?

ஆம். பெரும்பாலான தவறான அடையாளங்கள் இங்கேதான் நேர்கின்றன. முட்டையிலிருந்து வரும்போது குஞ்சு சாம்பலும் பழுப்புமாக, மண்ணோடு மண்ணாக இருக்கும். சில வாரங்களில் பளிச்சென்ற பச்சைக்கு மாறும். பிறகு, ஓராண்டு வாக்கில் பச்சை வடிந்து சாம்பலும் கருப்பும் ஏறும்.

மண்ணிலிருந்து வெளிவரும் நாளில் மண்ணின் நிறம், இலைகளுக்கிடையில் பூச்சி பிடித்துத் திரியும் வயதில் இலையின் நிறம், கல்லிலும் பட்டமரத்திலும் வளை பிடித்துக் குடியேறிய பின் கல்லின் நிறம். பச்சைக் குட்டியைப் படம் எடுத்துவிட்டு 'பச்சை இகுவானா' என்று பதிவு செய்யுமுன், வாலில் மோதிரங்கள் இருக்கின்றனவா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வால் முட்கள் எதற்கு?

கதவுக்கு. விரட்டப்பட்ட முள்வால் தலைகுப்புற வளைக்குள் பாயும். தலையும் வயிறும் உள்ளே பத்திரமாகிவிடும், வாசலை நோக்கி இருப்பது முள் நிறைந்த வால் மட்டும். பாம்போ கோட்டியோ உள்ளே மூக்கை நீட்டினால் முதலில் சந்திப்பது அதைத்தான். (கோட்டி என்பது நீண்ட மூக்குள்ள, கீரியைவிடப் பெரிய அமெரிக்கப் பாலூட்டி.) குறுகிய இடத்தில் வாலை இப்படியும் அப்படியும் வீசினால் முட்கள் சுவரையும் எதிரியின் முகத்தையும் சேர்த்துக் கிழிக்கும். பிடித்து இழுத்தால் நகங்கள் சுவரைக் கவ்விக்கொள்ளும். 'உடும்புப் பிடி' என்று நாம் சொல்வது இங்கேயும் பொருந்தும்.

அதனால்தான் வளையின் அகலம் இவ்வளவு முக்கியம். உடம்பு நுழைந்தால் போதாது, வால் வீச்சு வாசலை அடைக்கும் அளவுக்கு அது குறுகலாகவும் இருக்க வேண்டும். அகலமான குகை இதற்குப் பயனில்லை. குட்டி வளர வளர பழைய வளை இறுகும், புதியது தேட வேண்டும். நல்ல இடுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய ஆணின் வசம் இருக்கும், சண்டை வரும். மாயர்களின் பழைய நகரங்களான உஷ்மாலிலும் துலூமிலும் இந்தப் பல்லிகள் இத்தனை இருப்பதற்குக் காரணமும் இதுதான். சுண்ணாம்புக் கல்லை அடுக்கிக் கட்டிய அந்தச் சுவர்களில் பலவகை அகலத்தில் ஆயிரக்கணக்கான சந்துகள், எதிரே மரமில்லாத வெயில் முற்றம்.

ஒரு வளையில் ஆள் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையை விட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. உள்ளே பாம்பும் இருக்கலாம். வாசலிலேயே போதுமான தடயம் கிடைக்கும்.

மண் வளை என்றால் வாசல் அரைவட்டமாக, அடி தட்டையாக இருக்கும். நடுவில் வால் இழுபட்ட ஒற்றைக் கோடு, இருபுறமும் நகக்கீறல். கோடு கூர்மையாக இருந்தால் அன்றைக்கு வந்துபோயிருக்கிறது. காற்றில் தேய்ந்தோ சருகு மூடியோ கிடந்தால் பழையது. வாசலில் சிலந்திவலை இருந்தால் குடியில்லை என்று கொள்ளலாம். எச்சமும் சொல்லும்: இலைநார் தெரியும் கரும்பழுப்புக் கட்டி, அதன் ஒரு முனையில் சுண்ணாம்புபோல் வெள்ளை. சந்தேகமிருந்தால் வாசலின் குறுக்கே மெல்லிய புல்தண்டு இரண்டை நட்டு வைத்துவிட்டு, வெயில் ஏறிய பின் போய்ப் பாருங்கள்.

உலகிலேயே வேகமான பல்லி இதுவா?

1984இல் வெளியான ஆய்வு அளவீடுகளில் இந்த இனம் மணிக்கு 34.6 கி.மீ. தொட்டது. பல்லிகளில் பதிவான மிக உயர்ந்த வேகங்களில் அது ஒன்று. உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியபோது அவருடைய சராசரி மணிக்குச் சுமார் 37.6 கி.மீ. ஒரு மீட்டர் நீளப் பல்லி அதற்கு இவ்வளவு அருகே வருகிறது.

ஆனால் அந்த வேகம் நீடிக்காது. ஓடும்போது பல்லியின் உடம்பு இடமும் வலமுமாக வளைகிறது. அந்த அசைவுக்கும் மூச்சிழுக்கவும் தேவைப்படுவது ஒரே விலாத் தசைகள். ஆகவே முழு ஓட்டத்தில் சரியாக மூச்சுவிட முடியாது, விரைவில் களைத்துவிடும். உடும்பு தொண்டையை விரித்துச் சுருக்கிக் காற்றைத் தள்ளி இந்தச் சிக்கலைத் தாண்டுகிறது, அதனால் நெடுநேரம் அலைந்து இரை தேட அதற்கு முடிகிறது. முள்வாலுக்கு அது தேவைப்படவில்லை. அதன் ஓட்டம் வளைவரைக்குமான ஓட்டம். திறந்த வெளியில் வளையிலிருந்து வெகுதூரம் மேயும் முள்வாலைப் பார்ப்பது அரிது.

என்ன சாப்பிடும்?

வயதைப் பொறுத்தது. குட்டிகள் பெரும்பாலும் பூச்சி தின்பவை. வளர வளர இலை, பூ, பழம் கூடிக்கொண்டே போகும். பெரியவை பெரும்பாலும் தாவர உண்ணிகள்தான், ஆனால் நண்டு, முட்டை, சிறு பல்லி, பறவைக் குஞ்சு என்று வாய்ப்பு கிடைத்தால் விடமாட்டா. தன் இனத்துக் குட்டியையும் தின்னும். குட்டிகள் பெரியவர்களின் கல்மேட்டை விட்டு விலகி இலைக்கூட்டத்தில் வாழ இதுவும் ஒரு காரணம்.

இலையைச் செரிப்பது எளிதல்ல. பெருங்குடலில் குறுக்குத் தடுப்புகள் இருக்கின்றன. உணவு அங்கே தங்கித் தங்கிப் போகும், நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து உடைக்கும். அந்தப் புளிப்பு நடக்கச் சூடு வேண்டும். இரவு குளிர்ந்த உடம்போடு வெளிவரும் முள்வால் முதலில் மேயாது, வெயில் காயும். உடல் 36, 37 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறிய பிறகே மேய்ச்சல். தொடர்ந்து மேகமூட்டமான நாட்களில் தின்றாலும் செரிக்காது என்பதால் பெரும்பாலும் வளையிலேயே கிடக்கும்.

வியப்பூட்டும் ஒன்று மன்சினீல் மரம். கரீபியன், மத்திய அமெரிக்கக் கடற்கரைகளில் வளரும் இதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மழைக்கு அடியில் ஒதுங்கினாலே சொட்டும் நீரில் புண்ணாகும், பழம் மனிதருக்கு நஞ்சு. முள்வால் அந்தப் பழத்தைத் தின்கிறது, கிளையிலேயே வசிக்கவும் செய்கிறது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுத் தில்லை மரத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும்: பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் அந்தத் தில்லையும் மன்சினீலும் ஒரே ஆமணக்குக் குடும்பம்.

மூக்கைச் சுற்றி வெள்ளைப் பொடி இருக்கிறது. சளி நோயா?

இல்லை, உப்பு. இலையுணவில் பொட்டாசியம் அதிகம். உபரி உப்பை மூக்கருகே உள்ள சுரப்பி வடித்தெடுக்க, விலங்கு தும்மி வெளியேற்றுகிறது. காய்ந்த உப்பு நாசியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். இதனால் சிறுநீரில் நீரை வீணாக்காமல் வறட்சிக் காலத்தைத் தாண்ட முடிகிறது. நோய் என்றால் அடையாளம் வேறு: கோழைபோல் நுரை, திறந்த வாயில் மூச்சு, வெயிலில் விட்டும் சோர்வு.

எப்போது, எத்தனை முட்டை இடும்?

கோஸ்ட்டா ரிக்காவின் பசிபிக் கரை, நிகரகுவா போன்ற இடங்களில் ஏறத்தாழ டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறட்சி. அதன் தொடக்கத்தில் இணைசேர்ந்து, பிப்ரவரி, மார்ச் வாக்கில் முட்டையிடும். நிகரகுவாவில் செய்து 1978இல் வெளியான ஆய்வில் ஓர் ஈட்டுக்கு 12 முதல் 88 வரை முட்டைகள் பதிவாயின, சராசரி 43. தாய் எவ்வளவு பெரியதோ அவ்வளவு முட்டை. ஏறத்தாழ 90 நாளில் பொரியும், அதாவது முதல் மழை விழுந்து கொழுந்தும் பூச்சியும் பெருகும் வேளையில்.

இங்கே வளைக்கு இரண்டாவது வேலை. வெயில் நேராக விழும் திறந்த மண்ணில் பெண் சுரங்கம் தோண்டுகிறது. நல்ல மண் அரிது என்பதால் பல பெண்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர, சுரங்கங்கள் கிளைத்துப் பின்னிக்கொள்ளும். கோஸ்ட்டா ரிக்காவின் பாலோ வெர்தேயில் முள்வாலும் பச்சை இகுவானாவும் ஒரே சுரங்கத் தொகுதியைப் பகிர்ந்து முட்டையிடுவதை 1989இல் வெளிவந்த ஆய்வு விவரித்திருக்கிறது. இப்படிக் கூடி இடுவதில் இழப்பும் உண்டு. பின்னால் வருபவள் தோண்டும்போது முன்னவளின் முட்டைகள் வெளியே எறியப்படும்.

இன்னொரு இழப்பு, மண்ணுக்குள்ளிருந்தே வருவது. லாக்சோசெமஸ் என்ற மண்ணைத் துளைக்கும் பாம்பு இந்தச் சுரங்கங்களுக்குள் புகுந்து முள்வால், பச்சை இகுவானா இரண்டின் முட்டைகளையும் விழுங்குகிறது. அதே பாலோ வெர்தே பகுதியில் இது பதிவாகியிருக்கிறது. முட்டை வளையில் கதவாக நிற்கத் தாயின் வால் அங்கே இருப்பதில்லை.

வெளியே கிடக்கும் முட்டையைக் காப்பாற்ற முடியுமா?

உரிமம் பெற்ற நிலையங்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை. முறை இதுதான்.

முட்டை எந்தப் பக்கம் மேலே கிடந்ததோ அங்கே பென்சிலால் புள்ளி வையுங்கள். அந்தப் பக்கம் மாறவே கூடாது: கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்டபின் முட்டையைப் புரட்டினால் கரு மூழ்கிச் செத்துவிடும். கோழி முட்டையைப் புரட்டிவிடும் பழக்கம் இங்கே கொலை. மூடியுள்ள பெட்டியில், வெர்மிகுலைட் தாதுத்துகளை அதே எடைத் தண்ணீரில் பிசைந்து, பாதி புதையும்படி முட்டைகளை வையுங்கள். வெப்பம் 29 முதல் 31 பாகை. வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றினால் போதும்.

தோல்போன்ற ஓடு நீரை உறிஞ்சும், முட்டை நாளாக ஆகப் பருக்க வேண்டும். தொடக்க வாரங்களில் குழி விழுந்தால் ஈரம் போதவில்லை, முட்டைமேல் படாமல் ஓரமாகத் தண்ணீர் விடுங்கள். ஓட்டில் நீர்த்துளி கோத்து நின்றால் ஈரம் கூடுதல், பூசணம் வரும், கரு மூச்சுத்திணறும். கடைசி வாரத்தில் மட்டும் குழி விழுவது பொரியப்போவதன் அடையாளம், அப்போது கை வைக்க வேண்டாம்.

வால் அறுந்தால் வளருமா?

வளரும். ஆனால் புதுவாலில் பழைய ஒழுங்கான முள்வளையங்கள் திரும்ப அமையாது, நிறமும் மங்கல், நீளமும் குறைவு. கதவு பழுதுபட்ட வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

தலையை ஏன் மேலும் கீழும் ஆட்டுகிறது?

'இந்த இடம் என்னுடையது' என்ற அறிவிப்பு. அடுத்த கட்டமாக முன்கால்களை ஊன்றி உடம்பை உயர்த்தும், பக்கவாட்டில் தட்டையாகி உருவத்தைப் பெருக்கிக் காட்டும், வாயைத் திறக்கும். அதற்குமேலும் நெருங்கினால் வால்வீச்சு, கடி. இதன் நெருங்கிய உறவான மேற்கு மெக்சிகோ முள்வாலை ஒரு கல்லறைத் தோட்டச் சுவரில் கவனித்து 1951இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே ஆண் தலைமை தாங்க மற்ற ஆண்கள் படிநிலையாக அடங்கி வாழ்ந்ததைக் காட்டியது. வளைகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் மற்றவரை முற்றாக விரட்டிவிட முடியாது, ஆகவே இப்படி ஓர் ஏற்பாடு.

மனிதர்கள் இதைச் சாப்பிடுகிறார்களா?

ஆம், நெடுங்காலமாக. நிகரகுவாவில் கர்ரோபோ சூப் பெயர்பெற்றது. ஏழைக் குடும்பங்களுக்கு இது எளிதில் கிடைக்கும் புரதம், அதைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. பிரச்சினை காலத்தில் இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியை விலக்குபவர்கள் இகுவானாவை அனுமதிக்கப்பட்ட உணவாகக் கொள்கிறார்கள். அது சரியாகப் பெண்கள் வயிறு நிறைய முட்டையோடு வளையைவிட்டுத் திறந்த மண்ணுக்கு வரும் காலம். முட்டையுள்ள பெண்ணுக்கே மதிப்பும் அதிகம். சந்தைக்கு உயிரோடு கொண்டுபோக, விரல்களின் தசைநாரை இழுத்து அதனாலேயே கால்களை முதுகுப்புறம் கட்டும் வழக்கமும் இருந்திருக்கிறது. அது கொடுமை, வேறு சொல் இல்லை.

அழியும் நிலையில் உள்ளதா?

இந்த இனம் இல்லை. உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் ஐ.யு.சி.என். செம்பட்டியலில் 'கவலை குறைந்த' பிரிவில் இருக்கிறது. ஆனால் இதன் உறவினர் பலரின் நிலை மோசம். ஹோண்டுராஸின் ஊத்திலா தீவில் மட்டும் வாழும் டெனோசாரா பேக்கரி 'மிக அருகிய' பிரிவில் உள்ளது. அது அலையாத்திச் சேற்றுக்காட்டில் வாழ்ந்து, முட்டையிட மட்டும் மணற்கரைக்கு நடந்து வருகிறது. கரையில் கட்டடம் எழுந்தால் காடு பத்திரமாக இருந்தும் பயனில்லை. அதே தீவில் கருப்பு முள்வாலும் உண்டு, இரண்டும் கலந்து கலப்பினக் குட்டிகளும் பிறந்திருக்கின்றன. 2019இல் டெனோசாரா பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

புளோரிடாவில் ஏன் இதை ஒழிக்கப் பார்க்கிறார்கள்?

அங்கே இது வந்தேறி. 1970களில் காஸ்பரில்லா தீவில் ஒரு சில விடப்பட்டுப் பெருகின. தோண்டும் பழக்கம் கடலோர மணல்மேட்டையும் தடுப்புச்சுவரின் அடியையும் குடைகிறது. கோஃபர் ஆமை தோண்டிய வளைகளைப் பிடித்துக்கொள்கிறது, அந்த ஆமையின் குஞ்சு இதன் வயிற்றிலேயே கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. பிரேசிலிய மிளகு என்னும் களைச்செடியின் பழத்தைத் தின்று விதையையும் பரப்புகிறது. பிடிப்பது கடினம் என்பதற்குக் காரணம் மேலே சொன்னவைதான்: வேகம், குறுகிய வளை, ஓர் ஈட்டுக்குப் பத்துக்கணக்கில் முட்டை. அரைகுறையாகப் பிடித்துவிட்டு நிறுத்தினால் காலியான வளைகளில் இளசுகள் குடியேறிவிடும்.

இந்தியாவில் வீட்டில் வளர்க்கலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பின், மேலே சொன்ன சைட்டிஸ் பட்டியலிலுள்ள இந்த விலங்கை உயிரோடு வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். இறக்குமதிக்கு ஆவணம் வேண்டும். கையளவு குட்டியாக வாங்குவது ஒரு மீட்டர் விலங்காகும், கடிக்கும். வெயில் காய 40 பாகைக்கு மேற்பட்ட ஓர் இடம், புற ஊதா விளக்கு, சுண்ணாம்புச் சத்து, ஓர் அறையளவு கூண்டு எல்லாம் தேவை. புற ஊதா ஒளி குறைந்தால் எலும்பு மெலிந்து தாடை ரப்பர்போல் வளையும், முதுகு கோணும், அது திரும்பாது. தொட்டபின் சோப்பால் கை கழுவாவிட்டால் சால்மொனெல்லா என்ற குடல்நோய்க் கிருமி தொற்றலாம். சலித்துப்போய் வெளியே விட்டால் இன்னொரு காஸ்பரில்லா உருவாகும்.

நேரில் பார்க்கப் போகிறோம். எப்போது, எப்படி?

கோஸ்ட்டா ரிக்காவின் மனுவேல் அந்தோனியோ, பாலோ வெர்தே, மெக்சிகோவின் உஷ்மால், துலூம் எல்லாமே நல்ல இடங்கள். காலை வெயில் கல்லில் விழ ஆரம்பித்த பின் போங்கள். உச்சி வெயிலில் நிழலுக்கோ வளைக்கோ ஒதுங்கிவிடும். கிழக்கு நோக்கிய சுவரை முதலில் தேடுங்கள். ஐந்தாறு மீட்டர் தள்ளி உட்கார்ந்துவிடுங்கள், நின்றபடி நெருங்காதீர்கள், உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. மேலிருந்து விழும் நிழல் அதற்குப் பருந்து. ரொட்டியோ சிப்ஸோ கொடுக்க வேண்டாம். வளைக்குள் ஓடிவிட்டால் அங்கேயே அசையாமல் காத்திருங்கள். உள்ளே போனது ஒரே பாய்ச்சலில், வெளியே வருவதோ படிப்படியாகத்தான்: திரும்ப இடமிருந்தால் முதலில் மூக்கு, பிறகு ஒரு கண், நெடுநேரம் கழித்தே தோள்.